ஐலா வாங்கிய ரவுட்டர்

கேலுமெட், ஏப்ரல் 16

அன்புத் தம்பி ஆர்னேக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வாசலில் பனி மட்டும் இன்னும் இடுப்பளவு நிற்கிறது. உன் முழங்கால் கப்பல் ஏணிக்கு ஈடுகொடுக்கிறதா? வலித்தால் வலிக்கிறது என்று எழுது. போன வருஷம் மாதிரி மறைக்காதே.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். ஜனவரியிலிருந்து செவ்வாய்தோறும் வீடியோவில் வகுப்பு எடுக்கிறேன் என்று சொன்னேனே, காது கேளாத குழந்தைகளைப் பெற்றவர்களுக்குச் சைகை மொழி. அரசாங்கத் திட்டம். மூன்று குடும்பங்கள். அதில் பிரெண்டா என்றொரு பெண், இந்த மாதம்தான் சேர்ந்தவள், மகன் நோலனுக்கு இரண்டு வயது. போன வாரம் ‘அம்மா’ சொல்லிக் கொடுத்தேன். கையை விரித்துக் கட்டைவிரலால் மோவாயைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். தொட்ட இடத்திலேயே படம் உறைந்துவிட்டது. நான் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன், அங்கே அவர்கள் திரையில் என் கை மோவாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. படம் திரும்பி வந்தபோது அந்தக் குழந்தையும் கையை மோவாயில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அப்படியே வைத்திருப்பதுதான் ‘அம்மா’ என்று நினைத்துவிட்டது, பாவம்.

பேசுகிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் போய்ச் சேரும். எனக்குப் படம் நின்றால் வாயைப் பொத்தினது போலத்தான். ஜூன் மாதத்துக்குள் படம் சரியாகாவிட்டால் குடும்பங்களை வேறு ஆசிரியரிடம் மாற்றிவிடுவோம் என்று திட்ட அலுவலகம் எழுதிவிட்டது.

இணையக் கம்பெனி கொடுத்த வாடகை ரவுட்டர் நிலவறையில் கிடக்கிறது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு சொந்தமாக ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். எழுபது டாலருக்கு மேல் முடியாது. நீ கப்பலில் மின்சாரம் பார்க்கிறவன், எது நல்லது என்று சொல். செல்போனில் ரெண்டு வரி தட்டிவிடாதே. அது மளிகைச் சீட்டுக்குத்தான் சரி. கடிதமாக எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஐலா

டெட்ராய்ட் ஆறு, மே 3

அன்பு அக்கா,

உன் கடிதம் இன்று காலை தபால் படகில் வந்தது. கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கினோம், ஏழு பேர் கடிதங்களில் உன்னுடையதுதான் கனம். முழங்கால் பரவாயில்லை. ஏறும்போது வலி இல்லை, இறங்கும்போது கொஞ்சம். உன் இரத்த அழுத்தம் எப்படி?

ரவுட்டர் விஷயத்தை என்னிடம் விட்டுவிடு. எட்டு ஆண்டெனா வைத்த ஒன்று வந்திருக்கிறது, பார்ப்பதற்குச் சிலந்தியை மல்லாக்கப் போட்ட மாதிரி இருக்கும். வேகம் பயங்கரம். முந்நூற்று இருபது டாலர். பயப்படாதே, பாதி நான் தருகிறேன். கப்பலுக்கு வாங்குகிற மாதிரி வாங்க வேண்டும் அக்கா. எப்போதும் தேவைக்கு இரண்டு மடங்கு.

எங்கள் சமையற்காரர் லூதர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு, “ஏம்ப்பா, உங்க அக்கா என்ன விமான நிலையமா நடத்துறாங்க?” என்று கேட்கிறார். அவர் பேச்சைக் கேட்காதே. அவருக்கு சூப்பில் உப்புப் போடவே தெரியாது.

படம் உறைந்ததையும் அந்தக் குழந்தையையும் பற்றி நீ எழுதியதை லூதருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

உன் தம்பி,
ஆர்னே

கேலுமெட், மே 15

அன்புள்ள ஆர்னே,

நலமாகத்தான் இருக்கிறேன். இரத்த அழுத்தம் டாக்டருக்குப் பிடித்த எண்ணில் நிற்கிறது. இறங்கும்போது வலித்தால் முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொள்.

உன் சிலந்தி வேண்டாம். கோபிக்காதே, காரணம் சொல்கிறேன்.

வீடு முழுக்க அளந்து பார்த்துவிட்டேன். டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் அறையிலும் நின்று காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளை வேகம் பார்த்து எழுதினேன். பத்து நாள். அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, சுரங்கக் கம்பெனி கட்டிய இந்தப் பழைய வீட்டுச் சுவர்களில் பூச்சுக்குள்ளே இரும்பு வலை இருக்கிறது, அது வைஃபை அலையை மறிக்கிறது. சமையலறை மூலையில் பூச்சு உதிர்ந்த இடத்தில் கண்ணாலேயே பார்த்தேன். நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் ரவுட்டரை வைத்தால் எத்தனை ஆண்டெனா இருந்து என்ன? பெட்டி வீட்டின் நடுவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவதைக் கண்டுபிடிக்கத்தான் நாளாயிற்று. வகுப்பு நடக்கும் மூன்று மணிக்கு மட்டும் ஏன் மோசமாகிறது? மாடியில் குடியிருக்கும் வில்மா இரண்டே முக்காலுக்கு நடைப்பயிற்சி முடிந்து வருகிறாள். அவளுக்கும் நம் இணையம்தான். வந்ததும் அவள் செல்போன் அன்றைக்கு எடுத்த படங்களையெல்லாம் தானாகவே இணையத்தில் ஏற்றுகிறது. நம் வீட்டிலிருந்து வெளியே போகிற பாதை குறுகல். அவளுடைய பூனைப் படங்கள் அதை அடைத்துக்கொண்டு நிற்க, என் கைகள் பின்னால் வரிசையில் நிற்கின்றன. வில்மாவிடம் எழுதிக் காட்டினேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “ஐயோ, என் பூனையா உன் பொழப்பக் கெடுக்குது?” என்றாள். உதட்டைப் படித்தே சிரித்துவிட்டேன்.

ஆகவே எனக்கு வேண்டியது வேகமான பெட்டி அல்ல, ஒழுங்காக வரிசை நிறுத்தத் தெரிந்த பெட்டி. ஒரு கருவி மொத்தப் பாதையையும் பிடித்துக்கொள்ள விடாத வசதி சில மலிவான ரவுட்டர்களிலும் இருக்கிறது. ஹவ்டன் கடைக்குப் போனேன். விற்பனைக்காரர் எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் வாயை அகலமாகத் திறந்து, “மேடம்! பெரிய வீடா! சின்ன வீடா!” என்று கத்துகிறார் போலிருக்கிறது, கடையில் எல்லாரும் திரும்பினார்கள். நோட்டில் என் கேள்விகளை எழுதி நீட்டினேன். வரிசை ஒழுங்கு உண்டா? எத்தனை வருஷம் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்? பிடிக்காவிட்டால் எத்தனை நாளில் திருப்பலாம்? அவர் படித்துவிட்டு, பெட்டியைத் திருப்பிப் பார்த்து, தலையைச் சொறிந்து, கடைசியில் எழுதினார்: “இதெல்லாம் யாரும் கேட்டதில்ல மேடம்.”

நலம் விழையும்,
ஐலா

டுலூத், ஜூன் 2

அன்பு அக்கா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். பட்டை போட்டுக்கொண்டேன், நீ சொன்னது சரிதான்.

சிலந்தியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முப்பது வருஷமாகக் கப்பலில் கம்பி இழுக்கிறேன், ஒரு பழுதை இப்படித் துரத்திப் பிடித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். உன் அட்டவணையை இயந்திர அறைக்கு எடுத்துப் போனேன். தலைமைப் பொறியாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். “யாருய்யா இது? நம்மகிட்ட வேலைக்கு வருவாங்களா?” என்றார். அக்கா என்றேன். சுவரில் ஒட்டிவிட்டார். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் அதைக் காட்டி, “பழுது பாக்குறதுன்னா இப்படிப் பாக்கணும். சும்மா பெட்டியத் தட்டிப் பாத்துட்டு வந்து நிக்காதீங்க” என்கிறார். உன் பூனைப் படக் கதை இந்த ஏரியில் பாதிக் கப்பல்களுக்குப் போயிருக்கும்.

வாங்கியதும் எழுது. இன்னொன்று, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். உன் வகுப்பில் வயதானவர்கள் யாராவது உண்டா? விரல் மடங்குமா அவர்களுக்கு? எத்தனை வாரத்தில் ஒரு வாக்கியமாவது வரும்?

அன்புடன்,
ஆர்னே

கேலுமெட், ஜூன் 20

அன்புள்ள ஆர்னே,

நீயும் உன் முழங்காலும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கொசு வந்துவிட்டது, வெயிலும்.

வாங்கிவிட்டேன்! ஐம்பத்து நான்கு டாலர். யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்தது. தயாரித்த கம்பெனியே சரிபார்த்து மறுபடி விற்கிறது. இரண்டே ஆண்டெனா. புதுப்பிப்பு இன்னும் நான்கு வருஷம் வரும் என்று எழுதியே வாங்கிக்கொண்டேன். மோடத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாடகை ரவுட்டரைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினேன்.

நிலவறையிலிருந்து நடுக் கூடத்துக்குக் கேபிளை நானே இழுத்தேன். தரைப்பலகையில் துளை போட்டது வில்மா. அவள் பழைய நர்ஸ், துளை போடுவது கைவந்த கலை என்கிறாள். என் வீடியோ கருவிக்கு வைஃபை வேண்டாமென்று நேராகக் கேபிளே கொடுத்துவிட்டேன். வரிசை ஒழுங்கை இயக்கிவிட்டு, வில்மாவை மாடிக்கு அனுப்பி, ஒரே நேரத்தில் இருநூறு பூனைப் படம் அனுப்பச் சொன்னேன். இந்தப் பக்கம் பிரெண்டாவோடு ஒரு மணி நேரம் பேசினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நோலன் ‘இன்னும் வேணும்’ கற்றுக்கொண்டுவிட்டான். விரல் நுனிகளைச் சேர்த்துத் தட்டிக்கொண்டே இருக்கிறான். அவன் பிஸ்கட் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், பிரெண்டா அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தாள். திட்ட அலுவலகம் இன்னும் ஐந்து குடும்பம் தருகிறது.

நீ கேட்டதற்குப் பதில்: பிரெண்டாவின் மாமனார் வருகிறார். அறுபத்தாறு வயது, மரம் அறுத்த கை. இரண்டு விரல் மடங்காது. ஆனால் ஒரு வகுப்பைக்கூட விட்டதில்லை. ஏழாவது வாரத்தில் பேரனிடம், “தாத்தா வந்தேன், பசிக்குதா?” என்று கேட்டுவிட்டார். ஏன் கேட்கிறாய்?

அக்கா,
ஐலா

டெட்ராய்ட் ஆறு, ஜூலை 22

அன்பு அக்கா,

நீ நன்றாக இருப்பாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன், நலம்தானே? ஐந்து குடும்பத்துக்கும் வாழ்த்து. லூதர் உனக்காக இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டார், நாங்கள் சாப்பிட்டோம்.

ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். லூதரின் அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. அவருக்குச் சைகைதான் தாய்மொழி. பத்து வருஷமாக ஒரே கப்பலில் இருக்கிறோம், உன்னுடைய அந்த ஏப்ரல் கடிதத்தைப் படித்துக் காட்டிய அன்றுதான் அதைச் சொன்னார். “உனக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டார். ஒன்றும் வராது என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மே மாதத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் முக்கால் மணி நேரம் அவரிடம் கற்றுக்கொள்கிறேன். முதலில் விரலால் காட்டும் எழுத்துகள், இப்போது ஏறக்குறைய நூற்றைம்பது சொல். உனக்கு ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மறைத்து வைத்திருந்தேன். உன் ரவுட்டரும் தயாராகிவிட்டது, நானும் கொஞ்சம் தயார். ஆகஸ்டில் டுலூத் மாலுமி விடுதியிலிருந்து வீடியோவில் அழைக்கட்டுமா? சந்தோஷம்தானே?

ஆர்னே

கிளீவ்லாந்து, ஆகஸ்ட் 19

அன்பு அக்கா,

நலமா? இரண்டு தடவை தபால் படகு வந்தது, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் அழைக்கவில்லை.

ரவுட்டருக்குப் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று மாதம் ஒரு தரம் பார். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிட்டாயா? மாற்றியிருப்பாய். மேலே துணி எதுவும் போடாதே, சூடாகும்.

இங்கே முழங்கால் நன்றாக இருக்கிறது.

ஆர்னே

டுலூத், செப்டம்பர் 11

அன்பு அக்கா,

உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து வில்மாவுக்குப் போன் போட்டேன். “நல்லாத்தான் இருக்கா. ஆனா உன் கடுதாசி வந்தா பிரிச்சுப் படிச்சுட்டு, அடுப்பு மேல வெச்சுட்டுப் போயிடுறா. என்னப்பா பண்ணித் தொலைச்ச?” என்று கேட்டாள்.

நீ எழுதும்போது எழுது.

ஆர்னே

கேலுமெட், செப்டம்பர் 27

ஆர்னே,

உடம்பு நலம்தான். நீயும் நலமாக இரு.

ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். ‘சந்தோஷம்தானே’ என்று கேட்டிருந்தாய். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்கு வகுப்பையே தள்ளிவைத்தேன்.

அம்மாவை நான் குறை சொல்வதில்லை. பிள்ளையோடு கை அசைத்தால் பேச்சு வராது என்று பள்ளிக்கூடத்தில் பயமுறுத்தினார்கள், அவள் நம்பினாள். அந்தக் காலம் அப்படி. ஆனால் சாப்பாட்டு மேசையில் நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நான் உன் சட்டையை இழுப்பேன். நீ எப்போதும் ஒன்றே சொல்வாய்: “ஒண்ணுமில்லக்கா, அப்புறம் சொல்றேன்.” உன் உதட்டில் நான் படித்த வார்த்தைகளில் இதுதான் அதிகம். மூடிய கண்ணோடுகூட என்னால் அதைப் பார்க்க முடியும். எத்தனை ‘அப்புறம்’ ஆயிற்று? நீ பள்ளிக்கூடம் முடித்து நாற்பது வருஷம். உன்னை யார் தடுத்தார்கள்?

செவ்வாய்தோறும் முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பிரெண்டா ஏழு வாரத்தில் தன் பிள்ளையோடு பேசுகிறாள். மடங்காத விரலோடு அந்தக் கிழவர் வருகிறார். அவர்களைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, வகுப்பு முடிந்து திரையை அணைத்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஏன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. உன் கடிதம் வந்துதான் தெரிந்தது.

இவ்வளவு நாள் கேட்கவில்லையே என்று நீ நினைக்கலாம். எனக்கும் கடிதம் போதுமென்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அது என் தப்பு.

என் வீடியோ கருவியின் எண்ணை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கூப்பிடு என்று சொல்லவில்லை. எண் உன்னிடம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது, அதனால் எழுதினேன்.

ஐலா

டெட்ராய்ட் ஆறு, அக்டோபர் 12

அன்பு அக்கா,

உன் கடிதம் வாளியில் ஏறி வந்தபோது என் கால் தரையில் நிற்கவில்லை. நீ நலமாக இருப்பது ஒன்றே போதும்.

நீ எழுதியது எல்லாமே உண்மை. யாரும் தடுக்கவில்லை. இருபது வயதில் சோம்பல். முப்பதில், இனிமேல் எப்படி ஆரம்பிப்பது என்ற கூச்சம். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கூச்சம் ஒரு வருஷம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. உன் கடிதங்கள் அவ்வளவு நன்றாக இருக்கும், அதில் ஒளிந்துகொண்டேன். நீ எழுதினால் ஊரே கண் முன்னால் வரும், அது போதும் என்று இருந்துவிட்டேன். உன் அட்டவணையை ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்தேனே, என் அக்கா கையால் பேசினால் எப்படி இருப்பாள் என்று ஒருவர் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது. லூதர் சொல்கிறார், நல்ல சைகைக்காரர்கள் பேசினால் பாட்டுப் போல இருக்குமாம். நீ அப்படித்தான் பேசுவாய் என்று நினைக்கிறேன். நான் பார்த்ததில்லை.

அதை ஆச்சரியப் பரிசு மாதிரி நீட்டினேனே, அதற்குத்தான் ரொம்ப வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று எழுத மாட்டேன், எழுதுவது எனக்குச் சுலபம்.

நவம்பர் 16, ஞாயிறு, உன் கடிகாரத்தில் மாலை நான்கு மணி. புயல் இல்லாவிட்டால் டுலூத்தில் இருப்போம். அழைப்பேன். நீ எடுக்காவிட்டால் அடுத்த தடவை டுலூத் வரும்போது மறுபடி அழைப்பேன்.

உன் தம்பி,
ஆர்னே

கேலுமெட், நவம்பர் 18

அன்புத் தம்பி ஆர்னேக்கு,

நலம். முந்தாநாள் உன்னைப் பார்த்தே விட்டதால் நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை. இளைத்திருக்கிறாய். லூதரின் சூப்பில் உப்பு மட்டுமல்ல, சத்தும் இல்லை போலிருக்கிறது.

அன்றைக்கு மூன்று மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். எடுக்கக் கூடாது என்றும் கொஞ்ச நேரம் இருந்தேன். வில்மா தன் செல்போனை அணைத்து மேசை டிராயரில் போட்டுவிட்டு, “இன்னிக்கி என் பூனைக்கும் லீவு” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். நான்கு மணிக்கு அழைப்பு வந்ததைக் காட்டும் விளக்கு மின்னியது. எடுத்தேன்.

உன் சைகை படுமோசம். உனக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன். ‘எனக்குப் பசி’ என்று நீ சொன்ன விதத்தை வெளியே எங்கேயும் சொல்லிவிடாதே, அதற்கு வேறு அர்த்தம், லூதரிடம் கேள், அவர் சிரிப்பார். வலது கையை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைக்கிறாய். எழுத்துகளை ஒவ்வொன்றாக ஆணி அடிப்பது போல அடிக்கிறாய். நான் வேகமாகப் பேசினால் உன் கண் விரிந்து, மீன் வாயைத் திறப்பது போல வாயும் திறந்துகொள்கிறது. அந்த மரம் அறுக்கிற கிழவர் உன்னைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் அறுநூறு அடி நீளக் கப்பலில் இரும்பை முறுக்குகிற அந்தக் கை, ஆறு மாதமாகத் தினம் முக்கால் மணி நேரம் பழகியிருக்கிறது என்பது தெரிந்தது. ஓரிடத்தில் தவறினால் நிறுத்தி, தலையை ஆட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். ஒரு தடவைகூடப் பேனாவைத் தேடவில்லை. மேசையில் தாள் இருந்தது, நான் பார்த்தேன், நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதை நான் மெச்சுகிறேன், ஆர்னே.

இருபதாவது நிமிஷத்தில், ஏரியில் காற்று எப்படி என்று கேட்டேன். நீ பதில் சொல்ல ஆரம்பித்து, இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டாய். விரல் அசையவில்லை. கண் அசையவில்லை. எனக்குத் திக்கென்றது. போச்சு, உறைந்துவிட்டது, இத்தனை பாடும் இதற்குத்தானா என்று எழுந்து கூடத்துக்கு ஓடினேன். பெட்டியைக் குனிந்து பார்த்தேன். எல்லா விளக்கும் பச்சையாக எரிகிறது. கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஒன்றும் புரியாமல் திரும்பி வந்தால், திரையில் நீ கண்ணைச் சிமிட்டினாய்.

படம் உறையவில்லை. நீ சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாய்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவசரமில்லை என்று கையைக் காட்டினேன். அதற்குள் உனக்கு அந்தச் சொல் கிடைத்துவிட்டது.

ஞாயிறு நான்கு மணிக்கு இங்கேதான் இருப்பேன்.

உன்னைப் பார்த்த அக்கா,
ஐலா